குளோரியின் தொண்டையும் என் காதும்

எங்கள் சபையில் புதிதாக ஒரு சவுண்ட் போர்டு வாங்கியிருக்கிறார்கள். அதில் திருகுகிற நாப் அதிகம் இல்லை, ஒரு பெரிய திரைதான். பாடுகிறவர் வாயைத் திறந்தால் அந்தக் குரல் பச்சைக் கோடாக எழும்பி ஆடுகிறது. கீழ்ச்சத்தம் இடப்பக்கம், மேல்சத்தம் வலப்பக்கம். எது மிஞ்சுகிறது, எது குறைகிறது என்று கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். இதைப் பிரதிஷ்டை செய்கிற நாளில் ஒரு சிறு மலர் வெளியிடப் போகிறார்களாம். "ராஜ் அண்ணே, இருபத்திரண்டு வருசம் போர்டுல உட்கார்ந்தவரு நீங்க. அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்கலா" என்று கேட்டார்கள். மேடையில் பேசவிட்டால் நான் இறங்கமாட்டேன் என்று தெரிந்துதான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போகட்டும், எழுதுகிறேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற நாலு பக்கம் இதுவல்ல.

தொழில் கற்ற கதை பெரிய கதை இல்லை. எங்கள் ஊரான குளுவாங்கில் ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் ஈயம் பற்றவைக்கப் பழகினேன். பிறகு ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் கடந்து சிங்கப்பூர் போய், ஒரு தொழிற்சாலையில் ஸ்பீக்கர் சோதித்தேன். நாள் முழுக்க ஒரு மூடிய அறை. ஒவ்வொரு ஸ்பீக்கராக வரும், சத்தம் போடும், கரகரப்பு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டும். ஆறு வருடம் அந்த அறையில் இருந்ததில் எனக்குக் கிடைத்த ஒரே சொத்து காது. ஊர் திரும்பி ஒரு தௌக்கேயிடம், அதாவது சீன முதலாளியிடம், கல்யாணம், விருந்து, அரசியல் கூட்டம் என்று ஒலிபெருக்கி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் பொன்னையா மாஸ்டர் என்னைப் பிடித்தார்.

மாஸ்டரின் தாத்தா சிலோனிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். மாஸ்டர் அரசாங்க அலுவலகத்தில் குமாஸ்தா. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேனா, மேசையில் ஒரு தூசி இருக்காது. அந்த மனிதர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். அமெரிக்கக் கறுப்பர் சபைகளின் பாட்டு, சோல், ஃபங்க், ஜாஸ் எல்லாவற்றையும் பழைய இசைத்தட்டில் கேட்டுக் கேட்டுக் கையில் ஏற்றி வைத்திருந்தார். நம்முடைய கீர்த்தனை ஒன்றை எடுப்பார். அதன் அடியில் ஃபங்க் தாளத்தை வைப்பார். முதல் அடியில் எல்லோரும் சேர்ந்து விழ வேண்டும், மீதி அடிகளில் அவரவர் விலகிக்கொள்ளலாம், இடைவெளியை யாரும் அடைக்கக் கூடாது. இரண்டாவது சரணத்தில் ஜாஸ் சுரங்கள் வரும். கடைசியில் நாலு அடியை மட்டும் பிடித்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சுற்றுவோம். அதற்கு எங்கள் பெயர் 'சுற்று'. சுற்றின்மேல் பாடகி ஒன்று சொல்ல, சபை பதில் சொல்லும். மாஸ்டர் இடக்கையை மூடிப் பிடித்தால் சுற்று தொடர வேண்டும், விரித்தால் முடிக்க வேண்டும். மேடையில் அவர் வாய்திறந்து ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை.

குழுவின் பெயர் பத்து நரம்பு. உண்மையில் மேடையில் ஒன்பது பேர்தான். "பத்தாவது நீர்தான் தம்பி. கீழே இருந்து வாசிக்கிற நரம்பு" என்றார் என்னிடம். அந்த ஒரு வார்த்தைக்காகத் தௌக்கேயை விட்டு வந்தேன்.

எங்களை எல்லா இடத்திலும் கொண்டாடினார்கள் என்று நினைக்க வேண்டாம். ஒரு சபையில் மூப்பர் ஒருவர் பாதியில் எழுந்து, "இது நைட் கிளப் சங்கீதம்" என்றார். மாஸ்டர் கூட்டம் முடிந்து அவரிடம் போனார். "ஐயா, நீங்க நைட் கிளப்புக்குப் போனதுண்டோ?"

"சீச்சீ, நான் ஏன் போறேன்?"

"நானும் போனதில்லை. பிறகு நாங்க ரெண்டு பேரும் அதைப் பற்றி எப்படிக் கதைக்கிறது?"

மூப்பர் சிரித்துவிட்டார். அடுத்த வருடம் அவரே கூப்பிட்டார்.

மாஸ்டரிடம் ஒரு சட்டம் இருந்தது. இதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நடந்ததெல்லாம் இதனால்தான் நடந்தது. ஒவ்வொரு நிகழ்ச்சியும் முடிந்து, வயர் சுருட்டுவதற்கு முன்னால், பத்துப் பேரும் வட்டமாக நிற்போம். ஒரு சின்ன ஜெபம். பிறகு ஒவ்வொருவரும் அன்றைக்குத் தான் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். தன் பிழை மட்டும். அடுத்தவன் பிழையைச் சொல்லக் கூடாது. 'இல்லை இல்லை, நன்றாகத்தான் இருந்தது' என்று ஆறுதலும் சொல்லக் கூடாது. எல்லோரும் "ஆமென்" என்று மட்டும் சொல்ல வேண்டும். டிரம்ஸ் முதலில், பிறகு பேஸ், கித்தார், டிரம்பெட், சாக்ஸ், பாடகிகள், அப்புறம் நான், கடைசியில் மாஸ்டர். அவருடைய முந்தைய குழு ஒருவரையொருவர் குறைசொல்லியே உடைந்ததாம். "தன் முதுகு தனக்குத் தெரியாது எண்டு சொல்லுவினம். தெரியப் பழக வேணும்" என்பார். அந்தச் சட்டத்தால் இருபத்திரண்டு வருடம் ஒரு சண்டை இல்லை. அதற்கு நானே சாட்சி. ஆனால் ஒருவனுக்குத் தன் முதுகு தெரியவே தெரியாமல் போனால் என்ன செய்வது என்று மாஸ்டரும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

என் வேலை முறையையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் தொடங்க இரண்டு மணி நேரம் முன்னால் சோதனை. டிரம்ஸின் கால் அடி முதலில், பிறகு பேஸ், ஆர்கன் என்று வரிசையாக. குரல் கடைசி. குரல் வந்தபிறகு மற்றதைக் குறைப்பேனே தவிர, குரலை ஏற்றமாட்டேன். பழைய போர்டில் ஒவ்வொருவருக்கும் மூன்று நாப். லோ, மிட், ஹை. இந்த ஹை இருக்கிறதே, அதுதான் மேல்சத்தம். சிம்பலின் சிலிர்ப்பு, டிரம்பெட்டின் முனை, பாடுகிறவர் வாயிலிருந்து 'ஸ்' என்றும் 'சு' என்றும் பிரிகிற காற்று, எல்லாம் அதில்தான். குறைந்தால் போர்வைக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருக்கும். மிஞ்சினால் பிளேடு.

எனக்குக் கர்வம் இருந்தது. ஒப்புக்கொள்கிறேன். பெக்கோக்கில் செம்பனைத் தோட்டத்தை ஒட்டி ஒரு மரப்பலகைச் சபை. சோதனையின்போது மெல்லிய 'கீ' என்று ஒரு சத்தம். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. போர்டை அணைத்தேன், நிற்கவில்லை. ஸ்பீக்கர் வயரைப் பிடுங்கினேன், நிற்கவில்லை. கடைசியில் மூன்றாவது வரிசைக்கு மேலே இருந்த காற்றாடியை நிறுத்தச் சொன்னேன், நின்றது. மாஸ்டர் ஆர்கனிலிருந்து எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். அதற்குப் பிறகு பல வருடம் நான் தரையில் நடக்கவில்லை என்றே சொல்லலாம்.

இனி குளோரி, எங்கள் பாடகி. பத்து பாகாட் என்கிற ஊரில் துணி ஆலையில் சூப்பர்வைசர். மெஷின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தி வளர்ந்த குரலோ என்னவோ, அடிவயிற்றிலிருந்து வரும். அவள் பாடும்போது பின்வரிசையில் தூங்குகிற கிழவர்கூட நிமிர்ந்து உட்காருவார். ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறி குளுவாங் வருவாள், சாயந்திரம் பஸ் ஏறித் திரும்புவாள். கணவர் இறந்தபிறகும் ஒரு சனிக்கிழமை தப்பவில்லை. "மத்த ஆறு நாளும் நான் சமாளிக்கிறதே இந்த ஒரு நாளுக்காகத்தான் அண்ணே" என்று ஒருமுறை சொன்னாள். சோதனையில் ஒரு வரி பாடிவிட்டு என்னைத்தான் பார்ப்பாள். "சரியா இருக்கா அண்ணே?" நான் கட்டைவிரலைக் காட்டுவேன். அவ்வளவுதான் எங்கள் பேச்சு.

அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர், குரல் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, குரல் மாறினாலும் மாறலாம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினாராம். மூன்று மாதம் கழித்து வந்தாள். கழுத்தில் ஒரு கைக்குட்டை. முதல் நாள் மெதுவாகத்தான் பாடினாள். எனக்கு அவள் வார்த்தைகள் தெளிவாகவே இல்லை. பாவம், தொண்டை இன்னும் ஆறவில்லை, நாம்தான் தூக்கிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்து ஹை நாப்பை ஒரு கோடு ஏற்றினேன். அடுத்த வாரம் இன்னொரு கோடு. நல்லது செய்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

மேடையில் இருக்கிறவர்களுக்கு ஸ்பீக்கரின் முதுகுதான் தெரியும். மேல்சத்தம் முன்பக்கமாகத்தான் பாயும். அதனால் வாசித்தவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. கேட்டவர்களுக்குத்தான் காது வலித்தது; அவள் மைக்கில் விழுகிற சிம்பலும் டிரம்பெட்டும்கூடச் சேர்ந்து குத்தின. கேட்டவர்களுக்குப் போர்டைப் பற்றி என்ன தெரியும்? கண்ணில் பட்ட ஆளிடம் போய்ச் சொன்னார்கள்.

முதலில் டிரம்ஸ் ஸ்டீபன் வட்டத்தில் சொன்னான்: "என் சிம்பல் ரொம்பக் குத்துதாம். நான்தான் கண்ட்ரோல் இல்லாம அடிக்கிறேன்." ஆமென். அடுத்த வாரம் சிம்பலின் அடியில் நாடா ஒட்டிக்கொண்டு வந்தான். அதற்கடுத்து டிரம்பெட் அருள்தாஸ்: "என் ஊதல் கிழிக்குதுன்னாங்க." ஆமென். அவர் டிரம்பெட் வாயில் அடைப்பு வைத்து ஊத ஆரம்பித்தார். நான் உட்கார்ந்த இடத்தில், ஆகா, இவர்களுக்கு வயதுக்கேற்ற பக்குவம் வந்துவிட்டது என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன்!

பிறகு குளோரி. "என் குரல் தகரம் மாதிரி இருக்காம். ஆபரேசனுக்கப்புறம் கெட்டுப்போச்சாம். நேத்து ஒரு அக்கா சொன்னாங்க." ஆமென். சட்டப்படி ஒருவரும் ஆறுதல் சொல்லவில்லை.

அதற்குப்பின் அவள் என்ன பாடுபட்டாள் என்று சொன்னால் மனது கொதிக்கும். காரச் சம்பலைக் கைவிட்டாள், ஐஸை விட்டாள், தேத்தண்ணீரை விட்டாள். உப்புத் தண்ணீரால் கொப்பளித்தாள். ஜொகூர் பாரு போய் ஒரு நிபுணரைப் பார்த்தாள். அவர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, நரம்பு நன்றாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்றார். அவரையே நம்பவில்லை அவள். "டாக்டர் என் மனசு நோகக்கூடாதுன்னு சொல்றாரு" என்றாள். எந்த எழுத்து குத்துகிறது என்று தானே கண்டுபிடித்து, பாட்டின் வார்த்தைகளை மாற்றத் தொடங்கினாள். 'ஸ்தோத்திரம்' வருகிற இடத்தில் 'துதி' என்று பாடினாள். ஆனால் இயேசு என்பதை எதைக்கொண்டு மாற்றுவது? அந்தப் பெயர் வரும்போதெல்லாம் மைக்கிலிருந்து ஓரடி பின்னால் போனாள். கிறிஸ்தவப் பாட்டுப் பாடுகிற ஒருத்தி, அந்தப் பெயரைச் சொல்லப் பயந்து பின்வாங்கினாள்.

அவள் பின்னால் போகப் போக எனக்கு இன்னும் குறைவாகக் கேட்டது. நான் இன்னும் ஏற்றினேன்.

எனக்கு விஷயம் தெரிந்தது ஒரு காய்ச்சலில். மனைவி பிலோமினா என் அக்குளில் தெர்மாமீட்டரை வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போனாள். அது பீப் அடிக்கட்டும் என்று நான் அசையாமல் படுத்திருந்தேன்.

"எடுங்களேன், அது எத்தனை தடவ அடிக்குது!" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டாள்.

"எங்க அடிச்சிச்சு? இன்னும் அடிக்கல."

அவள் கரண்டியோடு வந்து நின்றாள். "நெசமாவா சொல்றீங்க?" மறுபடி வைத்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிடம் கழித்து அவள் கண் சுருங்கியது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ஐயோ, என்னங்க இது" என்றாள்.

காய்ச்சல் விட்டதும் காது சோதிக்கிற இடத்துக்கு அழைத்துப்போனாள். ஒரு சின்ன மூடிய அறை, தலையில் ஹெட்போன், சத்தம் கேட்டால் பித்தானை அழுத்த வேண்டும். கீழ்ச்சத்தங்களுக்கு டக் டக்கென்று அழுத்தினேன். பிறகு ஒரே அமைதி. வேலை முடிந்துவிட்டது போல என்று கதவைத் தள்ளப் போனேன். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருந்த மலாய்ப் பெண், உட்காருங்கள் என்று கைகாட்டினாள். அப்போதும் சத்தம் போய்க்கொண்டுதான் இருந்ததாம். காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினாள். இடப்பக்கம் சமமாக வந்து, வலப்பக்கம் மேட்டிலிருந்து உருண்டு விழுந்த மாதிரி விழுந்தது. "பக்சிக், கெர்ஜா அப்பா?" என்று கேட்டாள். மாமா, என்ன வேலை என்று கேட்கிறாள். சவுண்ட் வேலை என்றேன். எழுதிக்கொண்டிருந்தவள் பேனாவை வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஸ்டீபனின் நாடா, அருள்தாஸின் அடைப்பு, குளோரியின் உப்புத் தண்ணீர். கெட்டுப்போனது அவள் தொண்டை இல்லை.

அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்று வாரம் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன். ஹை நாப்பைக் குத்துமதிப்பாக இறக்கிப் பார்த்தேன். உடனே அவள் குரல் எனக்குச் சேற்றில் புதைந்ததுபோல் ஆனது. பயந்துபோய்ப் பழைய இடத்துக்கே ஏற்றினேன். போர்டை விட்டால் நான் யார்? வயர் சுருட்டுகிற ஒரு கிழவன். அந்தப் பயம்தான். வட்டத்தில் என் முறை வரும்போது, ஒரு வயர் லூஸ், ஒரு பேட்டரி மாற்ற மறந்தேன் என்று சில்லறைப் பிழைகளாகப் பொறுக்கிச் சொன்னேன். எல்லோரும் எனக்கும் ஆமென் சொன்னார்கள்.

மூன்றாவது வாரம் பத்து பாகாட்டில் ஒரு சபையின் ஆண்டு விழா. குளோரியின் சொந்த ஊர், ஆலையில் கூட வேலை பார்க்கிறவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சுற்று நடந்துகொண்டிருக்கும்போது அந்தப் பெண்களில் ஒருத்தி காதைப் பொத்தினாள். நான் பார்த்தேன். குளோரியும் பார்த்தாள். மாஸ்டரின் கை மூடியபடியே இருந்தது, சுற்று இன்னும் போக வேண்டும். அவள் பாடுவதை நிறுத்திக் கைதட்ட மட்டும் ஆரம்பித்தாள்.

சபைக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் வட்டம் கூடியது. அவள் முறை வந்தது. "என் தொண்டை போச்சு. உங்க எல்லாரோட வாசிப்பையும் நான் கெடுக்கிறேன். இன்னையோட நிறுத்திக்கிறேன். மன்னிச்சுக்குங்க" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. மாஸ்டர் வாயைத் திறந்தார், தன் சட்டம் ஞாபகம் வந்து மூடிக்கொண்டார். ஆமென் என்ற சத்தம் பாதிப் பேரிடமிருந்துதான் வந்தது.

அவளுக்கும் எனக்கும் நடுவில் கோரஸ் பாடுகிற இரண்டு பெண்கள். அவர்கள் ஏதோ சொன்னார்கள். என் முறை வந்தது. "ஒரு மைக் ஸ்டாண்ட் லூசா இருந்துச்சு. நான் பார்க்கல" என்றேன். என் வாழ்க்கையில் நான் செய்த ஆகக் கேவலமான காரியம் அதுதான். எழுதும்போதே கூசுகிறது.

சனிக்கிழமை அவள் பயிற்சிக்கு வரவில்லை. மாஸ்டர் ஆர்கன் முன்னால் உட்கார்ந்து மூடியைத் திறக்காமலே அரைமணி நேரம் இருந்தார். பிறகு, "எல்லாரும் வீட்டுக்குப் போங்கோ" என்றார். நான் வீட்டுக்குப் போகவில்லை. காரை எடுத்துக்கொண்டு நேராக பத்து பாகாட் போனேன்.

குளோரி துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே, உக்காருங்க. மாஸ்டர் அனுப்பினாரா? நான் வரமாட்டேன்" என்றாள்.

"மாஸ்டர் அனுப்பல. குளோரி, உன் தொண்டைக்கு ஒண்ணும் இல்ல. என் காது போச்சு. எனக்கு மேல்சத்தம் கேக்கல. கேக்காததால ஏத்திக்கிட்டே போனேன். குத்தினது உன் குரல் இல்லம்மா, நான் திருப்பின நாப்."

காது சோதித்த காகிதத்தை எடுத்து நீட்டினேன். அவள் கோட்டைப் பார்த்தாள், மேலே போட்டிருந்த தேதியைப் பார்த்தாள். தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"இது போன மாசத்து தேதி."

"ஆமா."

"அப்ப அன்னைக்கு வட்டத்துல நிக்கும்போது உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஐயோ, அலமாக்! அண்ணே, ஏழு மாசம். ஏழு மாசம் நான் என் தொண்டையச் சபிச்சேன். ஆபரேசன் பண்ணுன டாக்டரச் சபிச்சேன். ராத்திரி ஜெபத்துல ஆண்டவர்கிட்டயே சண்ட போட்டேன், குடுத்தத ஏன் பிடுங்கினன்னு. நீங்க ஒரு ஸ்டாண்ட் லூசுன்னு சொல்லிட்டுப் போறீங்க!"

அவள் கத்தி முடித்ததும் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடங்கிய குரலில் சொன்னாள்: "நான் கெட்டுப்போயிட்டேன்னு எல்லார் முன்னாலயும் சொன்னேன். நீங்க வந்து என் வீட்டு ஹால்ல என்கிட்ட மட்டும் சொல்றீங்க. அடுத்த சனிக்கிழமை நான் வரேன். பாடுறதுக்கு இல்ல. நீங்க சொல்றதக் கேக்குறதுக்கு."

அந்த ஒரு வாரம் முழுக்க பிலோமினாதான், "போய்ச் சொல்லுங்க. கொன்னா போடுவாங்க?" என்றாள்.

சனிக்கிழமை மத்தியானம். குளுவாங் சபை மண்டபம். மறுநாள் ஆராதனைக்குப் பூ வைக்கப் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். குளோரியிடம் தகரம் என்று சொன்ன அக்காவும் அதில் இருந்தார். குளோரி கடைசி வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மற்றவர்கள் மேடையில் ஏறிவிட்டார்கள். நான் போர்டிலிருந்த பேச்சு மைக்கை எடுத்து, "மாஸ்டர், என் பிழையைச் சொல்லணும்" என்றேன்.

"இன்னும் ஒண்டும் வாசிக்கேல்லையே தம்பி. முடிஞ்சபிறகு தானே."

"இல்ல மாஸ்டர். முன்னாலயே சொல்லணும்."

சொன்னேன். தெர்மாமீட்டரிலிருந்து மைக் ஸ்டாண்ட் வரைக்கும் ஒன்று விடாமல், பூ வைக்கிற பெண்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். முடித்தபோது யாரும் ஆமென் சொல்லவில்லை. ஸ்டீபன் குனிந்து சிம்பலின் அடியிலிருந்த நாடாவைப் பிய்த்தான். அருள்தாஸ் டிரம்பெட் அடைப்பைக் கழற்றித் தரையில் வைத்தார். மாஸ்டர் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான். எனக்கும் இதில பங்கிருக்கு" என்றார் மெதுவாக. தகரம் என்று சொன்ன அக்கா, பூக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு குளோரியைத் திரும்பிப் பார்த்தார்.

குளோரி எழுந்தாள். வெளியே போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். மேடைக்குப் போய் மைக்கை எடுத்துக்கொண்டு, வயரை இழுத்தபடி நேராக என்னிடம் வந்தாள்.

"எது அந்த நாப்?"

காட்டினேன். அது வலக்கோடி வரைக்கும் திரும்பிக் கிடந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். பிறகு மாஸ்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். அவர் இடக்கையை மூடினார். பேஸும் டிரம்ஸும் ஒன்றாக விழுந்தன, சுற்று ஆரம்பித்தது.

அவள் ஒரு கையில் மைக்கோடு, இன்னொரு கையால் நாப்பைப் பிடித்தபடி பாடினாள். முதல் வரி. கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினாள். அதே வரி. இன்னும் கொஞ்சம். எனக்கு அது சரியாவது தெரியவில்லை. என் காதில் அவள் குரல் மங்கிக்கொண்டேதான் போனது. ஆனால் பூ வைத்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நின்றார்கள். அந்த அக்கா வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டீபன் தட்டிக்கொண்டே அழுதான்.

குளோரி பாட்டை நிறுத்தினாள், சுற்று மட்டும் போய்க்கொண்டிருந்தது. பழக்கதோஷம்தான், என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "சரியா இருக்கா அண்ணே?"

"எனக்குத் தெரியலம்மா. நீதான் சொல்லணும்."

அவள் நாப்பிலிருந்து கையை எடுத்தாள். மைக்கை உதட்டோடு ஒட்டி வைத்துக்கொண்டு, இயேசு என்று பாடினாள். அந்தச் 'சு' எனக்குக் கேட்கவில்லை. அவள் பின்வாங்கவில்லை என்பதைப் பார்த்தேன்.